வெள்ளிக்கிழமை மிஸ்ஸிங்

என் புருஷனைப் பற்றி யாராவது குறை சொன்னால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். என் காரைச் சொன்னால் விடமாட்டேன். எண்பதுகளின் கடைசியில் செஞ்சியில் கார் ஓட்டிய பொம்பளை எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதிலென்ன தப்பு?

நான் சேலை வியாபாரி. ஆரணியில் தறிக்காரர்களிடம் எடுத்து வந்து மண்டகப்பட்டு, தளவானூர், மேல்சித்தாமூர் என்று சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் விற்பேன். கார் வாங்குவதற்கு முன்னால் பல வருஷம் டவுன் பஸ்ஸில் மூட்டையோடு ஏறி இறங்கியவள். "இன்னாம்மா, மூட்டையை உள்ள வெச்சிட்டு நீ மேல ஏறிக்கறியா?" என்று கேட்ட கண்டக்டர்களை எல்லாம் பார்த்தாயிற்று. மேல்சித்தாமூரில் ஜைனர் வீட்டு அம்மாக்கள் நல்ல ரசனைக்காரர்கள், நின்று நிதானமாகப் பார்த்து எடுப்பார்கள். ஆனால் அவர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். பஸ் தாமதமாகப் போனால் அவர்கள் இலை போடுகிற நேரத்தில் நான் மூட்டையை அவிழ்ப்பேன். எவள் சேலை பார்ப்பாள்? அப்படி எத்தனையோ நாள் பிரித்த மூட்டையை அப்படியே கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதனால்தான் கார். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி. சின்ன வண்டி, மூன்றே சிலிண்டர். பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடிவிடும் என்று சொல்லித்தான் விற்றார்கள், உண்மையாகவே அப்படித்தான் ஓடியது. டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள் அதைப் பார்த்து "சோப்பு டப்பா வந்துடுச்சி" என்று சிரிப்பார்கள். "உங்க வண்டி கிளம்பறதுக்குக் குடிக்கற பெட்ரோல்ல என் வண்டி தளவானூர் போய்ட்டு வந்துடும், போங்கய்யா" என்பேன். பின் சீட்டை மடக்கிவிட்டால் ஒரு சின்ன ஜவுளிக்கடையே உள்ளே அடங்கும். திண்டிவனத்தில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். இன்ஜின் சத்தம் எனக்குப் புதுசு இல்லை. எங்கள் நைனா கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிய வீட்டில் பிறந்தவள் நான். தூக்கத்தில்கூட இன்ஜின் ஒரு அடி தப்பினால் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். கமிட்டியில் எடை போடுகிற வேலை அவருக்கு. கமிட்டி என்றால் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் ஏலத்துக்கு வருகிற மார்க்கெட் கமிட்டி. அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றால் விவசாயியும் வாயைத் திறக்கமாட்டான், வியாபாரியும் வாயைத் திறக்கமாட்டான். அவ்வளவு நேர்மை. ஒரு பொய் சொல்லச் சொன்னால் காது மடல் சிவந்துவிடும். சைக்கிளைத் தவிர வேறு எந்த வண்டியையும் தொடமாட்டார். என் காரில் ஏறினால் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா மே, மெதுவா மே" என்று வழியெல்லாம் ஜபம். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியை 'மே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கார் வாங்கின புதுசில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். மேல்சித்தாமூர் வரைக்கும் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. ரோட்டைப் பார்க்கிறதா, மிளகாயைப் பார்க்கிறதா? சாயங்காலம் வந்ததும் அறுத்து வீசினேன். "இது காரா, ஊறுகா வண்டியா? ஆயுத பூஜைக்கு ஒரு தபா பொட்டு வெப்பேன், அதோட சரி. இனிமே என் வண்டியில இந்த சமாச்சாரமெல்லாம் வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கமிட்டிக்குப் போய்விட்டார்.

அது நடந்து ரொம்ப நாள் கழித்து, தீபாவளிக்கு முந்தின மழைக்காலம் ஒன்றில்தான் இந்தக் கதை. ஒருநாள் தளவானூரிலிருந்து திரும்பும்போது வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. நான் அவசரக்காரிதான், பைத்தியக்காரி இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்த் தெரிந்த வீட்டில் உட்கார்ந்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் கிளம்பினேன். செஞ்சி வந்து சேர்கிறபோது நன்றாக இருட்டிவிட்டது. ஊருக்குள் நுழைகிற இடத்தில், மூடிக் கிடந்த டீக்கடைக்கு முன்னால் குடையோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். குடை இருந்தும் தொப்பலாக நனைந்திருந்தார். இவர்தான். வண்டியை நிறுத்தினேன். ஏறினார். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, "வண்டிய வித்துடலாம் மே" என்றார்.

"எத வித்துடலாம்?" என்றேன். நான் கேட்ட கேட்பில் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரம்தான் வண்டி முதல் தடவை மக்கர் பண்ணியது. வெள்ளிக்கிழமை காலை. கிளப்பும்போதே ஒரு மாதிரி இருந்தது. திண்டிவனம் ரோட்டில் ஏறியதும் தட், தட் என்று உதைத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகம் வராமல் வண்டி முன்னும் பின்னும் குலுங்கியது. தையல் மிஷினில் நூல் அறுந்த பிறகும் ஊசி மட்டும் குத்திக்கொண்டே போகுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். மூன்று அடி விழ வேண்டிய இடத்தில் இரண்டுதான் விழுகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள்.

அதே ரோட்டில் ஒரு பாய் ஷெட் போட்டிருந்தார். அவர் வாப்பா காலத்தில் ஜட்கா வண்டிக்குப் பட்டறை, இவர் காலத்தில் லாரி, டிராக்டர், கார். என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். என்னை அக்கா என்பார். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பெட்ரோல்ல தண்ணி எறங்கியிருக்குதுக்கா. மழக்காலம் இல்ல? கார்புரேட்டர கழட்டிக் கழுவிடலாம்" என்றார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். வண்டியை விட்டுவிட்டு நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில் போனால் வண்டி பட்டுப் போல ஓடியது. பாய்க்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் தட், தட். பாய் இந்தத் தடவை, "பிளக் வீக்காயிடுச்சிக்கா" என்றார். மூன்று பிளக்கையும் மாற்றினார். சனிக்கிழமை பட்டு. மூன்றாவது வெள்ளிக்கிழமையும் தட், தட். பாயின்ட்டை மாற்றினார், கண்டென்சரை மாற்றினார். சனிக்கிழமை பட்டு. ஒவ்வொரு தடவையும் பாய் தான் சரி பண்ணிவிட்டதாக நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வெள்ளிக்கிழமை வியாபாரம் போயிற்று. தீபாவளி நெருங்குகிற நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனால் எனக்கு எப்படி இருக்கும் என்று சேலை விற்கிறவளுக்குத்தான் தெரியும்.

அந்த மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் கமிட்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திண்டிவனத்துல லாட்டரிக் கடை வெச்சிருக்கறவரு ஒருத்தர் வண்டிய கேக்கறாரு. வர்ற வெள்ளிக்கெழம காலையில வந்து பாக்கறேன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "யாரு வண்டிய யாருங்க விக்கறது?"

"வாக்கு குடுத்துட்டேன் மே."

"என்னக் கேட்டுட்டா குடுத்தீங்க?"

"அந்த வண்டிக்கு ராசி இல்ல. வாரத்துக்கு ஒரு தபா ரிப்பேரு. நடு ரோட்டுல நின்னுடுச்சின்னா? மழயில, இருட்டுல... வாணாம் மே. பஸ்ல போ. இல்லன்னா வூட்டுலயே வெச்சி வித்துக்கோ."

பஸ்ஸில் போ! மறுபடியும் மூட்டை, மறுபடியும் கண்டக்டர், மறுபடியும் இலை போடுகிற நேரத்தில் போய் நிற்பது. அன்று ராத்திரி நான் சோறு திங்கவில்லை. அவர் கொடுத்த வாக்கை மாற்றுகிற ஜாதி இல்லை. தராசு முள் நடுவில் நின்றுவிட்டால் நின்றதுதான். சண்டை போட்டு அவரை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன காரணம் ரிப்பேர். ரிப்பேரைக் கண்டுபிடித்து, அந்த லாட்டரிக்காரர் வருகிற வெள்ளிக்கிழமையே வண்டியை அவர் கண் முன்னால் பட்டாக ஓட்டிக் காட்டிவிட்டால் அப்புறம் எந்த வாயால் விற்கச் சொல்வார்? அதுதான் என் திட்டம்.

பாயிடம் போய் உட்கார்ந்தேன். "ஏன் பாய், இது வெள்ளிக்கெழம மட்டும் வருதே, கவனிச்சீங்களா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஆமாக்கா. நானும் வூட்டுல சொல்லிக்கினு இருந்தேன். தர்காவுல ஒரு கயிறு மந்திரிச்சிக் கட்டிடலாமா?"

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? இன்ஜினுக்கு இன்னா பாய் கிழம தெரியும்? அதுவா காலண்டர் பாக்குது? வெள்ளிக்கெழம இன்னாவோ ஒண்ணு நடக்குது, சனிக்கெழம அது இல்லாம போவுது. அது இன்னான்னு பாக்கணும்."

யோசித்துப் பார்த்தால், மூன்று வாரமும் எங்கள் தப்பு ஒன்றே ஒன்றுதான். வண்டிக்கு நோய் இருக்கிற வெள்ளிக்கிழமை காலையில் ஏதோ ஒன்றைக் கழற்றிப் போடுவோம். பாய் தொழுகைக்குப் போவார். அவர் வந்து மாட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். மறுநாள் நோய் தானாகவே போயிருக்கும். பெயர் மட்டும் கார்புரேட்டருக்கு, பிளக்குக்கு, பாயின்ட்டுக்கு. இந்தத் தடவை ஒன்றையும் மாற்றக்கூடாது, இன்ஜின் உதைத்துக்கொண்டிருக்கும்போதே எது வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டும் என்று பாயிடம் கண்டிஷனாகச் சொன்னேன். பாயும், "நீங்க சொன்னா சரிக்கா" என்றார்.

நான்காவது வெள்ளிக்கிழமை. காலையில் வண்டியைக் கிளப்பினேன். தட், தட். என் வாழ்க்கையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். "வாடி வா, இன்னைக்கு மாட்டின" என்று சொல்லிக்கொண்டே ஷெட்டுக்கு ஓட்டிப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் லாட்டரிக்காரரை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். வண்டி ஷெட்டில் இருக்கும், அங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

இன்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்தோம். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக்குக்குப் போகிற வயர்களை ஒவ்வொன்றாக நானே பிடுங்கிப் பார்த்தேன். பாய், "அக்கா, ஷாக் அடிக்கும், நகருங்க" என்று கத்தினார். அவரை யார் கேட்டார்கள்? முதல் வயரைப் பிடுங்கினேன், இன்ஜின் இன்னும் மோசமாகத் தள்ளாடியது. அப்படியானால் முதல் சிலிண்டர் வேலை செய்கிறது. மாட்டிவிட்டு மூன்றாவதைப் பிடுங்கினேன், அதே தள்ளாட்டம். நடு வயரைப் பிடுங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிடுங்கினாலும் ஒன்றுதான், மாட்டினாலும் ஒன்றுதான்.

"பாத்தீங்களா பாய்! மூணு பேரு வேல செய்யற எடத்துல இவன் சம்பளம் மட்டும் வாங்கறான்."

இன்ஜினை நிறுத்தி, நடுப் பிளக்கை முதலாவதிலும், முதல் பிளக்கை நடுவிலும் மாற்றிப் போட்டோம். மறுபடி கிளப்பினோம். இப்போதும் நடுவில் இருப்பவன்தான் சும்மா இருந்தான். ஆக பிளக்கின் மேல் தப்பு இல்லை. வேறு வயர் போட்டுப் பார்த்தோம், அப்போதும் அவனேதான். ஆக வயர் மேலும் தப்பு இல்லை. மிச்சம் இருந்தது டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும்தான். ஏரித் தண்ணீரை முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் திருப்பிவிடுகிற மாதிரி, மூன்று பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். கறுப்பாக, ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற மூடி. அதன் தலையிலிருந்து வயர்கள் கிளம்பும்.

"மூடியில கீறல் இருந்தா கரண்ட் வெளிய ஒழுகும்க்கா. ஆனா வெளிச்சத்துல தெரியாது" என்றார் பாய்.

"இருட்டு வேணும், அவ்ளோதானே? அந்தக் கம்பளியக் குடுங்க."

ஷெட்டில் ஒரு கறுப்புக் கம்பளி கிடந்தது. கிரீஸ் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதைத் தலையோடு இன்ஜினையும் சேர்த்து மூடிக்கொண்டு குனிந்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன், பெல்ட்டில் மாட்டினால் கதை முடிந்தது. பாய் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ரோட்டில் போன டாக்ஸி டிரைவர் ஒருத்தர், "இன்னா பாய், போட்டோ புடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கம்பளிக்குள் இருந்து எனக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது அந்த ஆளின் அதிர்ஷ்டம்.

கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தேன். மூடியின் பின்பக்கத்தில், நான் முன்னால் நின்று எட்டிப் பார்த்தால் தெரியாத பக்கத்தில், நீலமாக ஒரு இழை நெளிந்தது. அறுந்த ஜரிகை மாதிரி மினுக்மினுக்கென்று மூடியின் மேலேயே ஓடி, பக்கத்து இரும்பில் போய் விழுந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் வெளியே வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. "புடிச்சுட்டேன் பாய்! புடிச்சுட்டேன்!" என்று கத்தியதில் கம்பளி நழுவிக் கீழே விழுந்தது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, அந்தப் பக்கமாகப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

கீறல் இல்லை. மூடியின் பின்பக்கம் பட்டையாகச் சந்தனம் தீட்டி, நடுவில் குங்குமப் பொட்டு. ஈரம்கூடக் காயவில்லை. பன்னீர் வாசனை வேறு. ஈரச் சந்தனத்தின் மேலே கரண்ட் ஜாலியாக நடந்து போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை வைத்த ஈரம் இன்ஜின் சூட்டில் சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும். சனிக்கிழமை பட்டாக ஓடியதற்குக் காரணம் இதுதான், பாயின் சாமர்த்தியம் இல்லை.

"இது இன்னா பாய்?" என்றேன்.

பாய் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "அதுவாக்கா? மொத வாரத்துலேர்ந்தே இருக்குது."

"மொத வாரத்துலேர்ந்தா? பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

"உங்க சாமி சமாச்சாரம்க்கா. நான் எப்படிக் கை வெப்பேன்? பக்கத்துல பிரஷ் போட்டாகூட அது மேல படாமதான் பாத்துப் பாத்து வேல செஞ்சேன். மூடியைக் கழட்டினப்பகூட அத அழியாம புடிச்சுக் கழட்டி, அழியாம மாட்டினேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று வாரமாக நோயைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதன் மேல் தூசி படாமல் காவல் காத்திருக்கிறார் மனுஷன்! திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. "இப்பவாவது தொடைங்க" என்றேன். "நீங்களே தொடச்சிடுங்கக்கா" என்று ஒரு காய்ந்த துணியை நீட்டிவிட்டு நகர்ந்து நின்றார்.

நான் துடைத்தேன். உள்ளேயும் வெளியேயும் சுத்தமாகத் துடைத்து, ஈரம் போக மூடியைச் சிம்னி விளக்கின் மேலே கொஞ்ச நேரம் காட்டி மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். அடடா, என்ன சத்தம் அது! மூன்று அடியும் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தது. ஒரு தள்ளாட்டம் இல்லை. பாய் வாயெல்லாம் பல்லாக நின்றார். திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைச் சுவரை வெட்டிக்கொண்டு போகிற இடத்து ஏற்றம் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தேன், டாப் கியரிலேயே ஏறியது.

திரும்பி வந்து வண்டியை நிறுத்துகிறேன், எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாட்டரிக்காரரோடு ஷெட்டுக்குள் வருகிறார். லாட்டரிக்காரருக்குப் பத்து விரலில் எட்டு விரலில் கல் மோதிரம். வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மோதிர விரல் நகக்கண்ணில் மஞ்சளாகச் சந்தனம்.

கையிலிருந்த துணியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது இன்னாங்க?"

துணியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்த மனுஷனுக்குப் பொய் வராது என்று சொன்னேனே. காது மடல் சிவந்தது. லாட்டரிக்காரருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"நீ அன்னைக்கு மழயில வரல இல்ல, அதுலேர்ந்து வெள்ளிக்கெழமன்னா வெக்கறேன். நீ குளிக்கப் போறப்போ."

"ஏன், என்னாண்ட சொன்னா இன்னா?"

"சொன்னா ஊறுகா வண்டின்னுவ. அதான் உனக்குத் தெரியாத எடமா பாத்து உள்ள வெச்சேன்."

"வெக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா? அந்த ஈரத்துலதான் வண்டி மக்கர் பண்ணுது."

"எல்லா வயரும் அதுலேர்ந்துதானே கெளம்புது. அதான் தலன்னு நெனச்சிக்கினேன்." சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிட்டார். அப்புறம், "நீ கெளம்பிப் போனா வர்ற வரைக்கும் எனக்குத் தராசு முள்ளு கண்ணுலயே தெரிய மாட்டேங்குது மே. எனக்கு ஓட்டத் தெரியாது, ரிப்பேர் பண்ணத் தெரியாது. உங்கூட வரவும் முடியாது. நான் வேற இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றார்.

நான் பத்திரமாக வர வேண்டும் என்று அவர் வைத்த பொட்டுதான் நடு ரோட்டில் வண்டியை உதைக்க வைத்திருக்கிறது. வண்டி மக்கர் பண்ணுவதைப் பார்த்துப் பயந்து, அடுத்த வாரம் இன்னும் பட்டையாகத் தீட்டியிருக்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தால் மூஞ்சி எப்படி இருக்குமோ, அப்படி நின்றேன்.

அதற்குள் லாட்டரிக்காரர் வண்டியில் உட்கார்ந்து, கிளப்பி, கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தும்விட்டார். "சூப்பரா இருக்குதே சார்! ஊசி போட்ட மாதிரி ஓடுது. எனக்கு ஓகே. இன்னைக்கு வெள்ளிக்கெழம, நல்ல நாளு, கையோட எடுத்துக்கினு போய்டறேன்" என்றார்.

ஓட்டிக் காட்டினால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், நன்றாக ஓடுகிற வண்டியை எவன் வேண்டாமென்பான் என்று யோசிக்கவே இல்லை. வாக்குக் கொடுத்தவர் இவர். கொடுத்த வாக்கை மாற்றமாட்டார். நான் குறுக்கே விழுந்து தடுத்தால், நாலு பேர் எதிரில் அவர் வாக்கு போய்விடும். பாய் என்னைப் பார்த்தார். நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சார், ஒரு விஷயம். மறச்சி விக்கறது எனக்கு ஆவாது. நாலு வாரமா இந்த வண்டி வெள்ளிக்கெழம ஆனா மக்கர் பண்ணுது. மத்த நாளெல்லாம் நல்லா ஓடும். வெள்ளிக்கெழம மட்டும்தான்."

லாட்டரிக்காரரின் மோதிரக் கை ஸ்டீயரிங்கை விட்டது. "வெள்ளிக்கெழமயா?"

"இன்னைக்குக் காலையிலகூடப் பண்ணுச்சி. பாயக் கேளுங்க."

"ஆமா சார்" என்றார் பாய், இம்மியும் சிரிக்காமல். "அல்லா மேல சத்தியமா, நாலு வெள்ளிக்கெழம. கார்புரேட்டர் பாத்தேன், பிளக் பாத்தேன், ஒண்ணுலயும் கோளாறு இல்ல."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அத்தனையும் உண்மை. ஆனால் வாழ்நாளெல்லாம் தட்டில் கை படாமல் எடை போட்ட மனுஷன், அன்றைக்கு எனக்காகத் தட்டின் மேல் ஒரே ஒரு விரலை வைத்தார். லாட்டரிக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். "எனக்கு வெள்ளிக்கெழமதான் சார் முக்கியமான குலுக்கலே. வாணாம் சார், தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். எங்கள் வீட்டுக்காரரின் காது மடல் ரத்தமாகச் சிவந்திருந்தது.

அப்புறம் விற்கிற பேச்சு எங்கள் வீட்டில் வரவே இல்லை. அந்தத் தீபாவளிக்கு மேல்சித்தாமூரில் பின் சீட்டே காலியாகும்படி விற்றேன், சூரியன் மேலே இருக்கும்போதே.

ஷெட்டில் அது நடந்த அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் வண்டிக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளவில்லை. பானெட் மூடியிருந்தது. விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, எடைக்குக் காத்திருக்கிற விவசாயி மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க மே வெக்கட்டும்?" என்றார்.

வண்டி நம்பர் பிளேட்டைக் காட்டியிருக்கலாம், கண்ணாடியைக் காட்டியிருக்கலாம். நான் அவர் எதிரில் போய்க் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.

"இங்க வையிங்க. ஓட்டறது இதுதான்."

கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் தெருவில் நின்று அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பாதிச் சந்தனம் மூக்கில் விழுந்தது. துடைக்காமல் அப்படியே தளவானூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.